மூன்று கொப்பிகளும் ஒரு இங்கிலிஷ் கதையும்

எனக்கு எழுபத்தாறு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். நாலும் பெண். ஆண்பிள்ளை இல்லையா என்று அந்தக் காலத்தில் கேட்ட சனத்துக்குச் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். கேட்டவர்களில் பாதிப்பேர் இப்போது உயிரோடு இல்லை. மற்றப் பாதிப்பேர் மகன்மாரின் வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறார்கள். ஆகையால் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டி வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் அவை என்னிடம் ஒவ்வொன்றாகத்தான் வரும், கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கிற சனம் போல. ஒரு பக்கம் எழுத ஒரு முழுக் காலை வேண்டும். காலைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. கனடாவில், மார்க்கம் என்கிற ஊரில், மூத்த மகள் வீட்டில் இருக்கிறேன். எட்டு மணிக்குள் எல்லோரும் காரேறிப் போய்விடுவார்கள். அதன் பிறகு வீட்டில் நானும் ஹீட்டர் சத்தமும்தான்.

எழுத வந்த விசயம் இது. என்னுடைய இரண்டாவது பிள்ளை இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எழுதத் தொடங்கியபோது நாலு ஞாயிறாக இருந்தது. நான் எழுதுகிற வேகத்தில் ஏழாகிவிட்டது. அவள் தனியாக, பத்து நிமிசத் தூரத்தில், பதினோராம் மாடியில் இருக்கிறாள். ஞாயிறு மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு, கிழமைக்கு வேண்டிய கறிகளைப் பழைய தயிர்ப்பெட்டிகளில் நிரப்பிக்கொண்டு போவது வழக்கம். அவள் வழக்கத்தை விட்டாள். நான் விடவில்லை. ஏழு ஞாயிறும் சமைத்து, பெட்டிகளில் போட்டு, பிறீசரில் அடுக்கினேன். எது மீன், எது பருப்பு என்று இப்போது எனக்கே தெரியாது. ஐஸ்கிறீம் வைக்க இடமில்லை என்று மூத்தவள் முறைப்பாடு.

கேட்பவர்களுக்கெல்லாம், ஒரு இங்கிலிஷ் புத்தகத்தால் வந்த கோபம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது முழுப்பொய் இல்லை. ஆனால் என் பிழையை இன்னொன்றின் தலையில் போடுவது எனக்குப் புது வேலையுமில்லை. முன்பு ஒருமுறை ஒரு வீட்டுக்காரியின் தலையில் போட்டேன். அதையும் எழுதத்தான் போகிறேன். அவசரப்பட வேண்டாம்.

அந்தப் புத்தகம் பேத்தியினுடையது. மூத்தவளின் மகள், பதினோராம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். இந்தக் குளிர்காலம் முழுவதும் பின்னேரம் நாலு மணிக்கு வந்து குசினி மேசையில் உட்கார்ந்து வாசிப்பாள். நான் மரக்கறி வெட்டுவேன். சும்மா வாசிக்காமல் எனக்கும் சொல்லு என்றேன். அவள் இங்கிலிஷில் வாசிப்பாள், தமிழில் சொல்வாள், தமிழ் முடிகிற இடத்தில் கையால் சொல்வாள். ஒரு மாதத்துக்குள் நான் ரீவி நாடகம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கதை நூற்றைம்பது வருசத்துக்கு மேல் பழையது. அமெரிக்காவில் ஒரு பெண் எழுதியது. ஒரு தாயும் நாலு பெண்பிள்ளைகளும். தகப்பன் போர் நடக்கிற இடத்தில். வீட்டில் வசதியில்லை, வெளியே பனி. இதை ஏன் ஒரு புத்தகமாகப் போட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஒழுங்கையில் இப்படி இருபது குடும்பம் இருந்தது. பனி மட்டும்தான் இல்லை.

"அம்மம்மா, இட்ஸ் எ கிளாசிக்," என்றாள் பேத்தி.

"கிளாசிக் எண்டால் என்ன?"

யோசித்தாள். "ரீச்சர் அதில பிழை சொல்ல விடமாட்டா."

நான் ரீச்சரிடம் படிக்கவில்லை. ஆகையால் பிழை சொன்னேன். தொடக்கத்திலேயே நத்தார், கிறிஸ்மஸ் நாள், வருகிறது. அந்தத் தாயும் பிள்ளைகளும் தங்களுடைய காலைச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போய், வேறு நாட்டிலிருந்து வந்த ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்கிறார்கள். பேத்தி அந்த இடத்தில் என்னைப் பார்த்தாள். அம்மம்மாவும் இப்படித்தானே நாலு பிள்ளைகளோடு இருந்தவ என்று நினைத்திருப்பாள். நான் சொன்னேன்: பிள்ளை, நாங்கள் மற்றப் பக்கம். அந்தச் சாப்பாட்டை வாங்கின குடும்பம் நாங்கள்.

ஸ்காபரோவில் பதினாலாம் மாடிக்கு நாங்கள் வந்த முதல் நத்தாருக்கு, ஒரு தேவாலயத்து வெள்ளைக்காரப் பெண்மணி பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தா. உள்ளே ஒரு முழு வான்கோழி, இனிப்பான சிவப்புக் குழம்பு ஒரு போத்தல், ஆறு சோடிக் காலுறை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாங்கள் வெள்ளிக்கிழமை மச்சம், இறைச்சி தொடமாட்டோம். பிரிட்ஜுக்குள்ளும் அது போகவில்லை. கணவர் ஒன்பது தரம் தாங்ஸ் சொன்னார், நான் வான்கோழியைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போய் பல்கனிப் பனியில் வைத்தேன். சனிக்கிழமை அதை வெட்டி, ஊர்த்தூள் போட்டு, பிரட்டல் கறி வைத்தேன். அடுத்த கிழமை அந்தப் பெண்மணி பிடித்திருந்ததா என்று கேட்க வந்தபோது மிச்சக் கறியில் ஒரு கோப்பை கொடுத்தேன். சாப்பிட்டு அழுதா. மனம் நிறைந்த அழுகை என்று கணவர் சொன்னார். எனக்கு மிளகாயில் சந்தேகம்.

புத்தகத்தில் அந்த ஏழைக் குடும்பம் சாப்பிட்டார்கள், சந்தோசப்பட்டார்கள், அவ்வளவுதான். ருசி எப்படி என்று ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. இதைக் கட்டுரையில் எழுது என்று பேத்திக்குச் சொன்னேன். எழுதினாள் போல. நல்ல புள்ளி வந்ததென்று பிறகு கேள்வி.

புத்தகத்தில் வருகிற மூன்றாவது பெண் நல்ல அமைதியானவள். கதைகளில் அப்படி அமைதியானவர்களை வைத்தால் எதற்கு என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்றும் நடக்காதே என்று கேட்டேன். பேத்தி பின்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். புத்தகத்தை மூடி வைத்தாள். நான் உடனே விட்பியில் இருக்கிற என்னுடைய மூன்றாவது மகளுக்குப் போன் போட்டு, தடிமன், காய்ச்சல் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் மீட்டிங்கில் இருந்தாளாம். மீட்டிங்கில் இருந்துகொண்டு ஒருமுறை இருமினாள். அந்தச் சனிக்கிழமை மூத்தவளின் காரில் போய் மல்லித்தண்ணீர் அவித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். நல்ல சுகமாக இருக்கிறாள். மல்லித்தண்ணீரால்தான்.

இரண்டாவது பெண்தான் கதையின் தலை. ஓடுவாள், விசில் அடிப்பாள், வீட்டின் மேல்தட்டில் தனியாக உட்கார்ந்து கதை கதையாக எழுதுவாள்.

"இது சித்திதான்," என்றாள் பேத்தி.

நான் கரட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மெல்லியதாக வெட்டினேன்.

என் இரண்டாவது பிள்ளை இப்போது எழுதுவதில்லை என்று சொல்ல முடியாது. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை. மற்றவர்களின் விபத்துகளை எழுதுகிறாள். எந்தச் சந்தியில், எந்தக் கார், யார் பிழை. இருபத்திரண்டு வருசமாக யார் பிழை என்று கண்டுபிடிப்பதுதான் அவளுக்குத் தொழில். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு நாள் பேத்தி எரிக்கிற அதிகாரத்துக்கு வந்தாள். கடைசித் தங்கச்சிக்கு இரண்டாவது அக்காவோடு கோபம். நாடகம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று. அந்தக் கோபத்தில் அக்கா வருசக்கணக்காக எழுதி வைத்திருந்த கதைக் கொப்பியை அடுப்பில் போட்டுவிடுகிறாள். நான் அன்றைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயத்தில் ஒரு நன்மை, கண்ணீருக்கு ஒருவரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

இனி அந்த மற்ற விசயம்.

கணவர் எங்களுக்கு முன்பே கனடாவுக்கு வந்துவிட்டார். நானும் நாலு பிள்ளைகளும் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்து விசாவுக்குக் காத்திருந்தோம். வீட்டுக்காரி என்னைவிட வயதில் கொஞ்சம் மூத்தவ. பிள்ளைகள் அக்கா என்று கூப்பிடுவார்கள். என் இரண்டாவதுக்கு அப்போது பதினாலு வயது. தடித்த மட்டை போட்ட மூன்று சி.ஆர். கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தாள். கட்டிலுக்குக் கீழே, செருப்புப் பெட்டிக்குள். எங்களுக்கு ஒரு நாளும் வாசித்துக் காட்டியதில்லை.

ஒரு மத்தியானம் ஆமியும் பொலிசும் ஒழுங்கை ஒழுங்கையாகச் சோதித்துக்கொண்டு வருகிறார்கள் என்று சொன்னார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். தமிழில் எழுதினது ஒரு துண்டு இருந்தாலும் கூட்டிக்கொண்டு போய் விசாரிப்பார்கள் என்று எல்லோருக்கும் பயம். பக்கத்து அறைக்காரர்கள் கலியாண அழைப்பிதழ்களைக்கூடக் கிழித்தார்கள். நான் செருப்புப் பெட்டியை இழுத்தேன். முதல் கொப்பியைத் திறந்து எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஆமி என்று ஒரு சொல் கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்க்க எனக்கு நேரமும் இல்லை, வாசிப்பும் இல்லை. வேறு ஒரு தாய் ஐந்து நிமிசத்தில் வாசித்து முடித்து, இது சும்மா பிள்ளை எழுதின கதை என்று திருப்பி வைத்திருப்பாள். நான் மூன்றையும் பின்வளவுக்குக் கொண்டுபோய், குப்பை எரிக்கிற இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். மட்டைகள் எரியாமல் நின்றன. கையால் தள்ளினேன், மூன்று விரல் சுட்டுக்கொண்டது. வீட்டுக்காரி கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. ஒன்றும் கேட்கவில்லை.

ஆமி வந்தது. அடையாள அட்டையைப் பார்த்தார்கள். ஒருவன் தண்ணீர் கேட்டுக் குடித்தான். ஒரு காகிதத்தையும் தொடவில்லை. போய்விட்டார்கள்.

பிள்ளை பின்னேரம் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, வீட்டுக்கார அக்கா குப்பையென்று நினைத்து எரித்துவிட்டா என்று சொன்னேன். விரலுக்குக் கஞ்சி வடிக்கும்போது சுட்டது என்று சொன்னேன். இரண்டு பொய்க்கும் சேர்த்து ஒரு நிமிசம்கூடப் போகவில்லை. எழுதுவதில்தான் நான் மெதுவானவள்.

பிள்ளை வீட்டுக்காரியோடு போய்ச் சண்டை பிடித்தாள். அவ என்ன பதில் சொன்னா என்று எனக்கு அப்போது தெரியாது. நானும் கேட்கவில்லை. விசா வந்து நாங்கள் புறப்பட்ட நாளில் மற்ற மூன்று பிள்ளைகளும் அவவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். இரண்டாவது திரும்பியும் பார்க்கவில்லை. அவ வாசலில் நின்று கை காட்டினா. அதையும் நான்தான் பார்த்தேன்.

முப்பத்துநாலு வருசம் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்காரி எரித்த கதைதான் பேத்தி வரைக்கும் போயிருந்தது. அமெரிக்காவில் ஒருத்தி இதைப் பழங்காலத்திலேயே எழுதி வைத்துவிட்டு இருப்பாள் என்று யார் கண்டது.

எரிக்கிற அதிகாரம் முடிந்ததும், வேகமாகப் போ, கலியாணம் வருகிற இடத்துக்குப் போ என்றேன். பேத்தி போனாள். அங்கேயும் எனக்குக் கோபம்தான். பக்கத்து மாளிகைவீட்டுப் பொடியன், நல்ல வசதி, நல்ல குணம், இரண்டாவது பெண்ணைக் கேட்கிறான். விசரி, பைத்தியக்காரி, மாட்டேன் என்கிறாள். பிறகு அவனைக் கடைசித் தங்கச்சி கட்டிக்கொள்கிறாள். சரி, மாளிகை குடும்பத்துக்குள்ளே நின்றது என்று ஆறுதல் அடைந்தேன். இரண்டாவதுக்கோ வேறு ஒருவர் வருகிறார். வயது போனவர், பிற நாட்டுக்காரர், வாத்தியார், ஏழை. மழையில் ஒரு குடைக்குக் கீழே நின்று கலியாணம் பேசி முடிக்கிறார்கள்.

"ஒருத்தருக்கும் அவரைப் பிடிக்காது, அம்மம்மா," என்றாள் பேத்தி.

எனக்குப் பிடித்தது. பிடித்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் கிழமைதான் கோயிலில் பழக்கமான ஒரு மனிசி எனக்கு ஒருவரைக் காட்டியிருந்தா. யூனியன்வில்லில் இருக்கிறார். மனைவியை இழந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வெடுத்தவர். ஐம்பத்தைந்து வயது, தலையில் மயிர் இல்லை, குரல் இல்லை என்கிற அளவுக்கு மெதுவாகக் கதைப்பார். மழையில்லாத நாளிலும் கையில் குடை. நான் சாத்திரம் நம்புகிறவள். இதைவிட என்ன அறிகுறி வேண்டும்?

நாற்பத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு இனி என்ன கலியாணம் என்று நீங்கள் கேட்பீர்கள். மூத்தவளும் கேட்டாள். நான் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கே போவாள் என்று திருப்பிக் கேட்டேன். அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை மூத்தவளுக்குச் சொல்லவில்லை. நான் எரித்தது ஏதோ ஒரு கதை. அதற்குப் பதிலாக அவளுக்கு ஒரு முடிவாவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மனிசர் நினைப்பார்கள்தானே.

நான் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பாள் என்று தெரியும், தெரிந்ததை ஏன் கேட்பான். நான் செய்தது இது. பேத்தியின் மேசையில் இருந்த புத்தகத்தை எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் காகிதத் துண்டுகள் ஒட்டி, ஏதோ எழுதி வைத்திருந்தாள். அதை ஒரு பையில் போட்டு, கோயில் மனிசி மூலமாக வாத்தியாருக்கு அனுப்பினேன். என் மகள் இதில் வருகிற இரண்டாவது பிள்ளை மாதிரி, கடைசி அதிகாரங்களை மட்டும் வாசித்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். பேத்தி மூன்று நாள் வீட்டைத் தலைகீழாக்கித் தேடினாள். நானும் சேர்ந்து தேடினேன்.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்று. கணக்கு வாத்தியார்மார் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இல்லை. செய்கை முழுவதையும் பார்ப்பார்கள். அவர் முதல் பக்கத்திலிருந்து, பேத்தியின் மஞ்சள் துண்டுகள் உட்பட, பின்னால் இருந்த எழுதினவளின் சரித்திரம் வரைக்கும் ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் கோயில் அன்னதான விசயமாகக் கதைக்க வருகிறார் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். வந்தார். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார், குடையை மூலையில் சாத்தினார். மேசையில் நான், மூத்தவள், பேத்தி, இரண்டாவது. அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து இரசக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். பேத்தி புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

"அன்ரி, முழுக்க வாசிச்சிட்டன்," என்றார். "நல்ல கதை. பின்னுக்கு எழுதினவாவைப் பற்றியும் கிடக்கு. அவா கடைசி வரைக்கும் கலியாணம் கட்டேல்லை."

நான் அவருக்கு இன்னொரு அப்பளம் வைத்தேன்.

அவர் பாடம் எடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கும் உண்மையில் மூன்று சகோதரிகளாம். தகப்பன் பெரிய தத்துவக்காரராம், வீட்டுக்கு உழைப்பதில் மட்டும் தத்துவம் வேலை செய்யவில்லையாம். போருக்குப் போனதும் தகப்பன் இல்லையாம், இவளே தாதியாகப் போனாளாம். எழுதி எழுதியே குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினாளாம். கதையில் வருகிற இரண்டாவது பெண்ணையும் தன்னைப் போலவே தனியாக விடத்தான் நினைத்தாளாம். வாசித்த சனம் விடவில்லை. யாரைக் கட்டப் போகிறாள் என்று கடிதத்துக்கு மேல் கடிதம்.

"அந்தக் கோபத்திலதான் ஒரு வயசுபோன வாத்தியாரைப் பிடிச்சுக் கட்டி வைச்சவா," என்றார். சிரித்தார். "எனக்கு ரெண்டு கேள்வி, அன்ரி. ஒண்டு, அந்த வாத்தியார் நானோ? ரெண்டாவது, இவவைக் கேட்டனீங்களோ?"

மூத்தவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். தண்ணீர் மேசையில்தான் இருந்தது. நான் இரண்டாவதைப் பார்க்கப் பயந்தேன். ஆனால் அவள் சிரித்தாள். சத்தம்போட்டுச் சிரித்தாள். "நீங்கள் வடிவா வாசிச்சிருக்கிறியள்," என்றாள் அவரிடம். பிறகு என்னிடம், "அம்மா, நீங்கள் கோயில் மனிசியிட்டைப் புத்தகம் குடுத்து விட்டனீங்களோ? சாதகம் குடுக்கிற ஆக்களைத்தான் எனக்குத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நிமிசத்தில் எழுந்து கையைக் கழுவியிருந்தால் இன்றைக்கு நான் எழுத வேண்டியிருக்காது. ஆனால் வாத்தியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. புத்தகத்தைத் திறந்து, எரிக்கிற அதிகாரத்தில் ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் துண்டைக் காட்டினார். பேத்தியின் கையெழுத்தைப் புகழ்ந்துவிட்டு, "இதில பிள்ளை, சித்தியின்ர கொப்பியளும் எண்டு எழுதியிருக்கிறா. உங்கடையையும் ஆரும் எரிச்சவையோ?" என்று என் மகளிடம் கேட்டார்.

அவளைத்தான் கேட்டார். என்னை இல்லை. நான் அவருடைய தட்டில் ஒரு அகப்பை சோறு போட்டேன். வாய் தானாகத் திறந்தது.

"அது கொழும்பில வீட்டுக்காரி செய்த வேலை, தம்பி. குப்பையெண்டு நினைச்சு எரிச்சுப்போட்டா. விசர் மனிசி."

என் மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். சிரிப்பு முகத்தில் இருந்தபடியே இருந்தது, அவள் மட்டும் அதற்குள்ளிருந்து போய்விட்டாள்.

"அம்மா, அண்டைக்கு நாங்கள் பாண்தான் சாப்பிட்டது," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"விரல் கஞ்சி வடிக்கேக்க சுட்டதெண்டு சொன்னனீங்கள். அண்டைக்குச் சோறே காய்ச்சேல்லை. எனக்கு அண்டைக்கு இரவே பிடிபட்டுது." அவள் சத்தத்தை உயர்த்தவில்லை. கம்பனியில் ஆட்களோடு கதைக்கிற குரல். "அந்த அக்காவோட போய்ச் சண்டை பிடிச்சனான். அவா ஓம் பிள்ளை, நான்தான் எண்டு ஒத்துக்கொண்டவா. செய்யாததுக்கு. உங்களைக் காட்டிக் குடுக்காமல். நான் அவாவோட கதைக்காமல்தான் பிளேன் ஏறினனான். ஏனெண்டால் கதைச்சால் நீங்கள் பொய் எண்டு ஆகிப்போகும். இப்ப அந்த மனிசியை விசர் எண்டுறியள்."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். ஆமி வந்தது, பயம், நாலு பிள்ளைகள், என்று.

"எரிச்சதுக்கு எனக்குக் கோபம் இல்லை, அம்மா. அது கெதியிலேயே விளங்கிட்டுது. நீங்கள் ஒருநாள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." கோட்டைப் போட்டாள். சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள். நிமிர்ந்து, "அந்தக் கதையில எரிச்சவள் நான்தான் எண்டு தன்ர வாயால சொன்னவள்," என்றாள். தயிர்ப்பெட்டிகள் மேசையில் நிரப்பி வைத்தபடி இருந்தன. எடுக்காமல் போனாள்.

வாத்தியார் மன்னிப்புக் கேட்டார். அவர் என்ன பிழை செய்தார், பாவம். குடையை எடுத்துக்கொண்டு போனார். பாயசம் தொடவில்லை.

அதன் பிறகு அவளுக்குப் போன் எடுத்தேன். எடுப்பாள். சுகமா என்றால் சுகம் என்பாள். சாப்பிட்டாயா என்றால் ஓம் என்பாள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது. அந்த இடத்தில் எனக்குப் பனி பெய்கிறதா என்று கேட்கத்தான் வரும். அவளும் நானும் ஒரே ஊரில்தான் இருக்கிறோம், இரண்டு பேருக்கும் ஒரே பனிதான். அவளும் வாத்தியாரும் புத்தகங்கள் மாற்றிக்கொள்கிறார்கள் என்று பேத்தி சொல்கிறாள். இதைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். சொல்லவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

கதையில் அந்த அக்கா எப்படித் தங்கச்சியை மன்னித்தாள் என்று பேத்தியைக் கேட்டுப் பார்த்தேன். தங்கச்சி உறைந்த ஆற்றில் சறுக்கப் போய், பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்துவிட்டாளாம். அக்கா பயந்து அழுது, எல்லாக் கோபமும் போய்விட்டதாம். நல்ல வழிதான். ஆனால் எழுபத்தாறு வயதில் நான் யூனியன்வில் குளத்தில் போய் விழ முடியாது. கரையிலேயே வழுக்கி இடுப்பை உடைத்துக்கொள்வேன். அதற்கும் அவள்தான் விபத்து அறிக்கை எழுத வேண்டி வரும்.

பிறகு யோசித்தேன். அந்தப் பெண்ணும் பொய்தானே சொன்னாள். வீட்டிலிருந்த தகப்பனைப் போருக்கு அனுப்பினாள். கட்டாத கலியாணத்தைக் கட்டி வைத்தாள். அவளுக்கு உலகம் முழுவதும் நல்ல பெயர். எனக்கு ஏழு ஞாயிறு. வித்தியாசம் என்னவென்றால், எரித்தவள் யார் என்று வருகிற இடத்தில் அவள் ஆளை மாற்றவில்லை.

டொலர் கடைக்கு மூத்தவளோடு போனபோது கொப்பி வாங்கினேன். சி.ஆர். கொப்பி இங்கே இல்லை. பூப்போட்ட மட்டை. மூன்று வாங்கினேன். ஒன்றில் இதை எழுதுகிறேன். மற்ற இரண்டும் வெறுமையாக இருக்கின்றன. அவை யாருக்கு என்று நான் சொல்லவில்லை.

இப்போது வாய்விட்டுச் சொல்ல வராததை எழுதுகிறேன். வெள்ளவத்தையில் அந்த மூன்று கொப்பியையும் எரித்தது நான். வீட்டுக்காரி இல்லை. அவ விசர் மனிசியும் இல்லை, என்னைவிட நல்லவ. கொப்பிகளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு சொல்தான் வாசித்தேன். பயத்தில் எரித்தது அன்றைக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் சொல்லாமல் விட்டதற்கு ஆமியைச் சாட்டு வைக்க முடியாது. இந்தப் பந்தியை எழுத மூன்று காலை போனது. திருத்தவில்லை.

இன்றைக்கு எட்டாவது ஞாயிறு. மூத்தவள் காலையில் போனில் தங்கச்சியைப் பிடித்து, பிறீசர் இனித் தாங்காது, வந்து உன்ர பெட்டியளை எடுத்துக்கொண்டு போ, இல்லாட்டி குப்பையில போடுவன் என்று சொன்னாள். குப்பை என்ற சொல்லை அவள் தெரியாமல் சொன்னாளா, தெரிந்து சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. இப்போது குசினியில் நிற்கிறாள். கோட்டைக் கழற்றவில்லை. பிறீசர் கதவு திறந்திருக்கிறது. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மணந்து பார்க்கிறாள். மேலே எழுதாத பெட்டிகள், அவளுக்கும் எது மீன், எது பருப்பு என்று தெரியாது.

பேத்தி எனக்குப் பக்கத்தில் கதிரையில் இருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருசம் படித்தவள். என்னைப் போலவே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இவ்வளவு பக்கத்தையும் வாசித்து முடிக்கப் பின்னேரம் ஆகிவிடும். அதுவரைக்கும் அவள் சித்தி கோட்டோடு நிற்க முடியாது, வேர்க்கும்.

நான் பேனையை மூடப் போகிறேன். இந்தா பிள்ளை, கொப்பியைப் பிடி. எழுதினது சரியோ எண்டு எனக்குத் திருப்பி வாசிச்சுக் காட்டு. முதல் பக்கத்தில இருந்து, ஒண்டும் விடாமல். குசினிக்குக் கேக்கிற மாதிரி வாசி.